கரைசலின் விலகலை அளக்கப் போகிறவர்களுக்கு: கடலூர், புதுச்சேரி மாணவர்களுக்கான வழிகாட்டி

முதுகலை வேதியியலின் இறுதிப் பருவத்தில் நல்லியல்பற்ற கரைசல்களை, அதாவது ஆவி அழுத்தத்துக்கான ரௌல்ட் விதிப்படி நடக்காத கலவைகளை, திட்டப்பணியாக எடுத்துக்கொண்ட நான், முதல் இரண்டு மாதங்களில் எடுத்த அளவுகள் அனைத்தையும் கடைசியில் நீக்க வேண்டியதாயிற்று. அந்த அளவுகளிலும் ரௌல்ட் விதியிலிருந்து விலகல் தெரிந்தது. ஆனால் அதில் பெரும்பகுதி கரைசலுடைய விலகல் அன்று. புட்டியில் இருந்த ஈரமும், குளோரோஃபார்மில் ஏற்கெனவே கலந்திருந்த எத்தனாலும், நான் குறித்துக்கொள்ளாத காற்றழுத்தமும் சேர்ந்து உண்டாக்கிய பொய் விலகல் அது. உண்மை விலகலை அளப்பதற்கு முன் பொய் விலகலை எப்படி அகற்றுவது என்பதை எனக்கு முன்கூட்டியே யாராவது சொல்லியிருந்தால் அந்த இரண்டு மாதங்கள் மிஞ்சியிருக்கும். கடலூரிலோ புதுச்சேரியிலோ கல்லூரி ஆய்வுக்கூடத்தில் இதே வேலையைத் தொடங்கவிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். சிப்காட் வளாகத்தில் கரைப்பான் மீட்புப் பிரிவில் புதிதாகச் சேர்பவர்களுக்கும் நான்காவது படியிலிருந்து உள்ளவை பயன்படும்.

1. எதை அளக்கிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்

நல்லியல்புக் கரைசலில் ஒவ்வொரு கூறும் தரும் ஆவி அழுத்தம், திரவத்தில் அதன் மோல் பின்னத்தை (மொத்த மோல்களில் அதன் பங்கை) அதன் தூய நிலை ஆவி அழுத்தத்தால் பெருக்கினால் கிடைப்பதற்குச் சமம். இதுவே ரௌல்ட் விதி. பென்சீனும் டொலுயீனும் போல, மூலக்கூறுகள் ஒன்றையொன்று ஏறக்குறைய ஒரே அளவில் ஈர்க்கும் இணைகளில் மட்டுமே இது நன்றாகப் பொருந்தும். வேற்று மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பு தன்னின மூலக்கூறுகளுக்கிடையிலான ஈர்ப்பைவிட வலுவாக இருந்தால் மூலக்கூறுகள் திரவத்திலேயே தங்க முற்படும். அப்போது ஆவி அழுத்தம் குறையும், கொதிநிலை ஏறும், கலக்கும்போது வெப்பம் வெளிப்படும். அது எதிர்க்குறி விலகல். ஈர்ப்பு வலுக்குறைந்திருந்தால் இவை யாவும் பெரும்பாலும் தலைகீழாக நிகழும். அது நேர்க்குறி விலகல்.

நீங்கள் அளக்கப்போவது ஓர் எண். கூறின் உண்மையான பகுதி அழுத்தத்தை, ரௌல்ட் விதி தரும் அழுத்தத்தால் வகுத்தால் கிடைக்கும் அந்த எண்ணே செயல்பாட்டுக் கெழு. வகுப்பில் ஆக்டிவிட்டி கோயஃபிஷியன்ட் என்றும், சுருக்கமாகக் காமா என்றும் சொல்வார்கள். காமா ஒன்றாக இருந்தால் அந்தக் கூறு ரௌல்ட் விதிப்படி நடக்கிறது என்றும், ஒன்றைவிடக் குறைந்தால் எதிர்க்குறி விலகல் என்றும், கூடினால் நேர்க்குறி விலகல் என்றும் கொள்ள வேண்டும். ஆய்வேட்டின் முதல் பக்கத்திலேயே இதை உங்கள் சொற்களில் எழுதிவிடுங்கள். வாய்மொழித் தேர்வில் முதலில் கேட்கப்படும் கேள்வி பெரும்பாலும் இதுவே.

2. இணையைத் தேர்ந்தெடுக்கும்போது சட்டத்தையும் பாருங்கள்

பாடநூலைப் படித்த எல்லோருக்கும் முதலில் தோன்றும் இணை எத்தனாலும் நீரும். அதை எடுக்காதீர்கள். எத்தனாலுக்குக் கல்லூரி உரிமம் வைத்திருக்க வேண்டும்; ஒதுக்கீட்டுக் கணக்கு எழுத வேண்டும்; புதுச்சேரியில் வாங்கி ஆல்பேட்டை சோதனைச் சாவடி வழியாகக் கடலூருக்குக் கொண்டுவரும் எண்ணம் ஒருபோதும் வேண்டாம். இரு பக்கத்திலும் கலால் சட்டங்கள் வெவ்வேறு என்பதால், ஒரு பக்கத்தில் முறையாக வாங்கிய பற்றுச்சீட்டு மறுபக்கத்தில் உங்களைக் காப்பாற்றாது. மெத்தனாலுக்கும் தமிழ்நாட்டில் அனுமதி நடைமுறை உண்டு. 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் நேர்ந்த உயிரிழப்புகளுக்குப் பிறகு அந்தக் கண்காணிப்பு இறுகியிருப்பது நியாயமே.

நான் எடுத்த இணை அசிட்டோனும் குளோரோஃபார்மும். அசிட்டோன் 56.1 டிகிரி செல்சியஸிலும் குளோரோஃபார்ம் 61.2 டிகிரியிலும் கொதிக்கும். இரண்டும் கலந்த ஒரு குறிப்பிட்ட கலவையோ இரண்டையும்விட உயர்ந்து, ஏறத்தாழ 64.5 டிகிரியில் கொதிக்கும். குளோரோஃபார்மின் ஹைட்ரஜன், அசிட்டோனின் ஆக்சிஜனோடு ஹைட்ரஜன் பிணைப்பு கொள்வதே காரணம். தூய நிலையில் இரண்டுக்குமே அத்தகைய பிணைப்பு இல்லை. கலந்த பிறகே அது பிறக்கிறது. சம மோல் அளவில் இரண்டையும் ஒரு குடுவையில் ஊற்றினால், அடுப்பில்லாமலே குடுவை வெதுவெதுப்பாவதைக் கையால் உணரலாம். என்னைப் பொறுத்தவரை அந்த வெதுவெதுப்பு எந்த வரைபடத்தையும்விடத் தெளிவாக விலகலைச் சொல்லிக்கொடுத்தது. ஒளிவிலகல் எண்களும் 20 டிகிரியில் 1.359, 1.446 என நன்கு விலகி நிற்பதால் கலவையின் இயைபைக் கண்டறிவது எளிது.

நேர்க்குறி விலகல் வேண்டுமென்றால் எத்தில் அசிடேட்டையும் சைக்ளோஹெக்சேனையும் எடுக்கலாம். முறையே 77.1, 80.7 டிகிரிகளில் கொதிக்கும் இவற்றின் கலவை 72 டிகிரிக்கு அருகிலேயே கொதித்துவிடும். கலால் உரிமமும் தேவையில்லை.

இப்போது ஓர் எச்சரிக்கை. அசிட்டோனும் குளோரோஃபார்மும் சேர்ந்திருக்கும் எந்தப் பாத்திரத்திலும் சோடியம் ஹைட்ராக்சைடு, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு போன்ற வலிய காரம் ஒரு துளியும் சேரக் கூடாது. வேகமான, பெரும் வெப்பம் உமிழும் வினை நடந்து பாத்திரம் வெடித்துச் சிதறக்கூடும். எங்கள் ஆய்வுக்கூடத்தில் கண்ணாடிக் கலன்களை எரிகாரக் கரைசலில் ஊறவைத்துக் கழுவும் வழக்கம் இருந்தது. உங்கள் ஆய்வுக்கூடத்திலும் இருக்கலாம். ஆய்வுக்கூட உதவியாளரிடம் முதல் நாளே இதைச் சொல்லி, உங்கள் கலன்களைத் தனிக் கூடையில் வையுங்கள்.

3. தாள்கள், பணம், நாள்கள்

தேவையான தாள்கள் இவை: வழிகாட்டிப் பேராசிரியரும் துறைத் தலைவரும் கையொப்பமிட்ட ஒரு பக்கத் திட்டக் குறிப்பு, கல்லூரி விதிப்படி மூன்று விலைப்புள்ளிகள், இரு கரைப்பான்களின் பாதுகாப்புத் தரவுத் தாள்கள், வாங்கிய புட்டியின் தொகுதி எண்ணுக்குரிய பகுப்பாய்வுச் சான்று, வெப்பமானியின் அளவுத்திருத்தச் சான்று. பகுப்பாய்வுச் சான்றைப் பலர் பொருட்படுத்துவதில்லை. குளோரோஃபார்ம் சிதையாமல் காக்கும் நிலைநிறுத்தியாக எது, எவ்வளவு சேர்க்கப்பட்டிருக்கிறது என்பதும், அசிட்டோனில் நீர் எத்தனை விழுக்காடு என்பதும் அதில்தான் இருக்கும். பெரும்பாலான தயாரிப்பாளர்கள் தொகுதி எண்ணைக் கொடுத்தால் இணையத்திலிருந்தே இறக்கிக்கொள்ள விடுகிறார்கள்.

பற்றுச்சீட்டு உங்கள் பெயரில் இருக்கக் கூடாது; முதல்வர் அல்லது துறைத் தலைவர் பெயரில் இருக்க வேண்டும். என் முதல் சீட்டு என் பெயரில் இருந்ததால் அந்தத் தொகை எனக்குத் திரும்பி வரவேயில்லை. கடலூர்க் கல்லூரிக்குப் புதுச்சேரிக் கடையிலிருந்து பொருளை அனுப்பச் சொன்னால் அது மாநிலம் கடந்த விற்பனையாகும். அப்போது மத்திய, மாநில வரிகள் தனித்தனியாக இல்லாமல் ஒருங்கிணைந்த சரக்கு சேவை வரியாகச் சீட்டில் வரும். எங்கள் கணக்குப் பிரிவு இந்த வேறுபாட்டுக்காகவே ஒரு சீட்டைத் திருப்பி அனுப்பியது. விலைப்புள்ளி வாங்கும்போதே கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்.

புட்டிகளைப் பேருந்தில் எடுத்துவராதீர்கள். அசிட்டோன் எளிதில் தீப்பற்றும் பொருள். கூட்டம் நிறைந்த வண்டியில் ஒரு புட்டி உடைந்தால் விளைவு உங்களோடு நிற்காது. கடைக்காரரே கல்லூரிக்கு அனுப்பும்படி கேளுங்கள். அதற்கு நான்கைந்து நாள்கள் கூடுதலாக ஆகலாம்.

எனக்கு ஆன செலவு, கரைப்பான்கள், உலர்த்திகள், கண்ணாடி ஊதுபவரிடம் செய்வித்த சிறு கலன், பத்தில் ஒரு டிகிரி காட்டும் வெப்பமானி எல்லாம் சேர்த்து ஐயாயிரம் ரூபாயை ஒட்டி வந்தது. ஒளிவிலகல்மானியும் ஹீட்டிங் மேன்டிலும் துறையில் இருந்தன. உயர்தூய்மைக் கரைப்பானுக்குக் கூடுதல் பணம் கொடுப்பதைவிட, சாதாரண ஆய்வுத்தரத்தை வாங்கி நீங்களே தூய்மைப்படுத்துவது மலிவானது, கற்றுக்கொள்வதும் மிகுதி.

காலக் கணக்கை இப்படிப் போடுங்கள்: தாள்களுக்கும் பொருள் வருவதற்கும் மூன்று வாரம், தூய்மைப்படுத்த இரண்டு நாள், அளவுத்திருத்த வரைகோட்டுக்கு ஒரு முழு நாள், கொதிநிலை அளவுகளுக்கு ஐந்து நாள், சந்தேகப் புள்ளிகளை மீண்டும் எடுக்க மேலும் மூன்று நாள். கணக்கிடவும் எழுதவும் ஒரு மாதம் தனியாக வேண்டும்.

4. பொய் விலகலின் முதல் ஊற்று: புட்டி

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். குளோரோஃபார்ம் ஒளியிலும் காற்றிலும் சிதைந்து பாஸ்ஜீன் என்னும் கொடிய நச்சு வாயுவைத் தரும். அதைத் தடுக்கவே தயாரிப்பாளர்கள் பெரும்பாலும் அரை முதல் ஒரு விழுக்காடு எத்தனாலைச் சேர்க்கிறார்கள். ஒரு விழுக்காடுதானே என்று நானும் விட்டுவிட்டேன். எடையில் ஒரு விழுக்காடு என்பது, எத்தனால் மூலக்கூறு இலேசானது என்பதால், மோல் கணக்கில் இரண்டரை விழுக்காட்டைத் தாண்டிவிடும். அதோடு எத்தனால் குளோரோஃபார்மோடு நேர்க்குறி விலகல் காட்டிக் கொதிநிலையைக் கீழே இழுக்கும். எதிர்க்குறி விலகலை அளக்க வந்த நான், நேர்க்குறி விலகல் கொண்ட இன்னொரு கரைசலையே தூய கூறாக எடுத்து வைத்திருந்தேன்.

செய்ய வேண்டியது இது. தேவையான குளோரோஃபார்மைப் பிரிபுனலில் ஊற்றி, அதில் பாதியளவு வாலைவடிநீர் சேர்த்துக் குலுக்கி, கீழடுக்கைப் பிரித்தெடுங்கள். இதை ஐந்து முறை செய்தால் எத்தனால் நீரோடு போய்விடும். பிறகு நீரற்ற கால்சியம் குளோரைடில் சில மணி நேரம் உலர்த்தி, வடிகட்டி, ஃபியூம் ஹூடுக்குள் வைத்து வாலைவடியுங்கள். முதலில் வரும் சிறு பகுதியை ஒதுக்கிவிடுங்கள். நிலைநிறுத்தி நீங்கிய குளோரோஃபார்மைப் பழுப்புப் புட்டியில், இருட்டில் வைத்து, ஓரிரு நாளுக்குள் பயன்படுத்திவிட வேண்டும். ஒரு பருவம் முழுவதற்கும் சேர்த்துத் தூய்மைப்படுத்தி வைப்பது ஆபத்து.

அசிட்டோனுக்குக் கால்சியம் குளோரைடு பயன்படாது. இரண்டும் சேர்ந்து சேர்மம் உருவாகிவிடும். நீரற்ற கால்சியம் சல்ஃபேட்டில் உலர்த்துங்கள். கடலோர ஊர்களான நமக்கு ஈரம் ஒரு தனித் தொல்லை. அசிட்டோன் ஆவியாகும்போது புட்டியின் வாய் குளிர்கிறது. காற்றிலிருக்கும் நீராவி அங்கே படிகிறது. மூடியைத் திறந்து வைத்த சில நிமிடங்களிலேயே அது உள்ளே இறங்கிவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகை மழை நாள்களில் இதைக் கண்ணாலேயே பார்க்கலாம்.

நீர் கலந்தால் ஒளிவிலகல் எண் எப்படி மாறும்? நீரின் எண் 1.333, அசிட்டோனின் எண் 1.359, ஆகவே குறையும் என்றுதான் நினைப்போம். உண்மையில் அசிட்டோனில் சிறிதளவு நீர் சேர்ந்தால் எண் ஏறும். கலக்கும்போது கன அளவு சுருங்கிக் கலவை அடர்வதே இதற்குக் காரணம். இந்த ஏற்றத்தை நான் குளோரோஃபார்ம் கூடிவிட்டதாகப் படித்துக்கொண்டிருந்தேன். ஒரு கரைசலின் நல்லியல்பின்மையே இன்னொரு கரைசலை அளக்கும் என் கருவியை ஏமாற்றிவிட்டது.

தூய்மைப்படுத்திய பிறகு இரண்டின் கொதிநிலையையும் தனித்தனியே அளந்து பாருங்கள். அன்றைய காற்றழுத்தத்துக்குத் திருத்திய பின்னும் 0.2 டிகிரிக்கு மேல் வேறுபாடு இருந்தால் மேலே செல்லாதீர்கள்.

5. அளவுத்திருத்த வரைகோடு: எடையால் மட்டுமே

ஒளிவிலகல் எண்ணிலிருந்து மோல் பின்னத்தைப் படிக்க, இயைபு தெரிந்த பதினொரு கலவைகள் தேவை. இவற்றைப் பிப்பெட்டால் அளந்து செய்யாதீர்கள். கலவையின் கன அளவு கூறுகளின் கூட்டுத்தொகைக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. தவிர, வெப்பமான அறையில் அசிட்டோன் பிப்பெட்டின் நுனியிலிருந்து தானாகவே சொட்டும். எடைபோடுங்கள். சம மோல் கலவைக்கு 5.81 கிராம் அசிட்டோனும் 11.94 கிராம் குளோரோஃபார்மும் வேண்டும். ஆவியாதல் குறைந்த குளோரோஃபார்மை முதலில் ஊற்றி எடைபார்த்து, பிறகு அசிட்டோனைச் சேர்த்து, உடனே மூடி மீண்டும் எடைபாருங்கள். சரியாக 5.81 வர வேண்டியதில்லை. வந்த எடையைக் குறித்துக்கொண்டு மோல் பின்னத்தைக் கணக்கிட்டால் போதும்.

நூல்களில் 20 அல்லது 25 டிகிரிக்கான ஒளிவிலகல் எண்கள் இருக்கும். நம் ஆய்வுக்கூடத்தில் குளிர்சாதனம் இல்லாமல் அந்த வெப்பநிலையைப் பிடிக்க முடியாது. ஒளிவிலகல்மானியின் முப்பட்டகத்துக்கு 30 டிகிரியில் நீர் சுற்றும்படி செய்து, உங்கள் வரைகோட்டை அந்த வெப்பநிலையிலேயே வரைந்துகொள்ளுங்கள். பங்குனி, சித்திரையில் அறையே 30ஐத் தாண்டிவிடும் என்பதால், காலை ஏழு மணிக்குத் தொடங்க அனுமதி கேட்டுப் பெறுங்கள். ஒரு டிகிரி தவறினால் எண் ஏறத்தாழ 0.0005 நகரும். அது மோல் பின்னத்தில் 0.006 பிழையாக வந்து சேரும்.

புள்ளிகளை நேர்கோட்டால் இணைக்காதீர்கள். எக்செல்லில் இரண்டாம் படிச் சமன்பாடு பொருத்தினால் போதுமானது.

6. கொதிகலனும் குளிர்நீரும்

வணிக முறையில் விற்கும் சமநிலைக் கொதிகலன்கள் விலை மிகுந்தவை. இரண்டு கழுத்துள்ள 100 மில்லிலிட்டர் குடுவை, அதன்மேல் ஒரு கண்டன்சர், இரண்டுக்கும் நடுவே குளிர்ந்த ஆவித்துளிகள் விழுந்து தங்கும் சிறு குழி; இவ்வளவே போதும். குழி ஒரு மில்லிலிட்டருக்கு மேல் பிடிக்கக் கூடாது. பெரிய குழியாக இருந்தால் எளிதில் ஆவியாகும் கூறு அங்கே தேங்கி, குடுவையிலுள்ள திரவத்தின் இயைபையே மாற்றிவிடும்.

வெப்பமானியின் குமிழ் பாதி திரவத்திலும் பாதி ஆவியிலும் இருக்கட்டும். கொதிகற்கள் போடாமல் சூடாக்கினால் திரவம் கொதிநிலையைத் தாண்டிச் சூடாகித் திடீரென்று பொங்கும். பாதரச நூலின் வெளியே நீண்டிருக்கும் பகுதி அறை வெப்பநிலையில் இருப்பதால் வெப்பமானி குறைத்துக் காட்டும். அதற்கான திருத்தம்: 0.00016ஐ, வெளியே உள்ள நூலின் டிகிரி நீளத்தாலும், திரவத்துக்கும் வெளியறைக்குமான வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்குங்கள். 50 டிகிரி நூல் வெளியே இருந்து, திரவம் 64, அறை 32 என்றால் திருத்தம் 0.26 டிகிரி. சிறிய எண்தான். ஆனால் தூய கூறுகளின் கொதிநிலைகளுக்கிடையே உள்ள வேறுபாடே ஐந்து டிகிரி என்பதை மறக்காதீர்கள்.

மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் கோடையில் கைபொறுக்காத சூட்டில் வரும். 56 டிகிரியில் கொதிக்கும் அசிட்டோனை அந்தத் தண்ணீர் பிடித்து நிறுத்தாது. நான் ஒரு பிளாஸ்டிக் வாளியில் பனிக்கட்டி நீரை நிரப்பி, மீன்தொட்டிகளுக்கு விற்கும் சிறு மோட்டாரால் கண்டன்சருக்குச் சுற்றவிட்டேன். பனிக்கட்டி கடலூர் முதுநகரில் படகுகளுக்கு ஐஸ் தருபவர்களிடம் மலிவாகக் கிடைத்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் என்பதால் அந்த நாள்களில் ஐஸ் கிடைப்பது அரிதாகிவிட்டது. உங்கள் திட்டப்பணி அந்த மாதங்களில் விழுந்தால் முன்கூட்டியே வேறு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள்.

ஒவ்வொரு புள்ளிக்கும், வெப்பநிலை பத்து நிமிடம் அசையாமல் நின்ற பிறகே குழியிலிருந்து அரை மில்லிலிட்டரும் குடுவையிலிருந்து அரை மில்லிலிட்டரும் எடுத்து, தனித்தனிச் சிறு குழாய்களில் மூடிப் பனிநீரில் வையுங்கள். ஒரு புள்ளிக்கு நாற்பது நிமிடம் ஆகும். இடையில் மின்சாரம் போனால் அந்தப் புள்ளியை விட்டுவிட்டு மறுபடி தொடங்குங்கள். பாதியில் நின்ற கொதிப்பைத் தொடர்ந்து எடுத்த என் மூன்று புள்ளிகளும் கொதிநிலை வரைகோட்டில் ஒட்டவேயில்லை.

7. காற்றழுத்தம்: கடலோரத்தில் எளிது, மறந்தால் கடினம்

கடல் மட்டத்தில் இருப்பது நமக்கு ஒரு வசதி. வானிலை நிலையங்களும் கைபேசிச் செயலிகளும் கடல் மட்டத்துக்குத் திருத்திய அழுத்தத்தையே காட்டும். ஏற்காட்டிலோ உதகையிலோ அதை அப்படியே எடுத்தால் பெரும் பிழை வரும். இங்கே எட்டு மீட்டர் உயரத்துக்கு ஏறத்தாழ ஒரு ஹெக்டோபாஸ்கல் மட்டுமே குறைவதால், இரண்டாம் மாடி ஆய்வுக்கூடத்துக்கும் திருத்தம் மிகச் சிறியது. கடலூரிலும் புதுச்சேரியிலும் இந்திய வானிலை ஆய்வுத் துறையின் நிலையங்கள் உள்ளன; அந்நாளைய அளவைக் குறித்துக்கொள்ளலாம்.

ஆனால் குறித்துக்கொள்ள வேண்டும், அதுவும் நேரத்தோடு. வெப்பமண்டலத்தில் காற்றழுத்தம் நாள்தோறும் இருமுறை ஏறி இறங்கும். காலை பத்து மணியளவில் உச்சத்தில் இருந்து, மாலை நான்கு மணியளவில் மூன்று நான்கு ஹெக்டோபாஸ்கல் இறங்கிவிடும். இந்தக் கரைப்பான்களுக்கு ஒரு ஹெக்டோபாஸ்கலுக்குக் கொதிநிலை ஏறத்தாழ 0.03 டிகிரி மாறும். ஆகவே காலையில் எடுத்த புள்ளிக்கும் மாலையில் எடுத்த புள்ளிக்கும், கரைசல் மாறாமலே 0.1 டிகிரி வேறுபாடு வரும். வங்கக் கடலில் தாழ்வு மண்டலம் உருவாகியிருந்தால் வேறுபாடு இன்னும் பெரிதாகும். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. அதற்கு முந்தைய நாள்களில் அழுத்தத்தைக் குறிக்காமல் நான் எடுத்து வைத்திருந்த அளவுகளை எப்படியும் திருத்த வழியில்லாமல் முழுவதுமாக விட்டுவிட்டேன். குறிப்பேட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே அழுத்தத்துக்கும் மணிக்கும் இரண்டு பத்திகள் கோடுபோட்டுக்கொள்ளுங்கள்.

8. கணக்கு: ஒரு புள்ளியை முழுவதுமாகப் போட்டுப் பாருங்கள்

அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசம்; திரவத்தில் அசிட்டோனின் மோல் பின்னம் 0.50, கொதிநிலை 63.5 டிகிரி, ஆவியில் அசிட்டோன் 0.56 என்று வைத்துக்கொள்வோம். இந்த வெப்பநிலையில் தூய கூறுகளின் ஆவி அழுத்தத்தை அன்டாய்ன் சமன்பாடு தரும். அசிட்டோனுக்கு, ஆவி அழுத்தத்தின் பத்தடி மடக்கை = 7.117 − 1210.6 ÷ (229.66 + வெப்பநிலை). குளோரோஃபார்முக்கு, பத்தடி மடக்கை = 6.955 − 1170.97 ÷ (226.23 + வெப்பநிலை). விடைகள் முறையே ஏறத்தாழ 972, 819 மில்லிமீட்டர்.

அசிட்டோனின் காமா = (0.56 × 760) ÷ (0.50 × 972) = 0.88. குளோரோஃபார்மின் காமா = (0.44 × 760) ÷ (0.50 × 819) = 0.82. இரண்டும் ஒன்றைவிடக் குறைவு. எதிர்க்குறி விலகல் உறுதியாகிறது. இதே கலவை ரௌல்ட் விதிப்படி நடந்திருந்தால் 58.5 டிகிரியிலேயே கொதித்திருக்கும். ஐந்து டிகிரி ஏற்றம் முழுவதும் அந்த ஹைட்ரஜன் பிணைப்பின் வேலை.

இங்கே பலர் செய்யும் தவறு, தூய கூறின் ஆவி அழுத்தத்தைக் கலவையின் கொதிநிலையில் எடுக்காமல், 25 டிகிரிக்கான அட்டவணை எண்ணையோ கூறின் சொந்தக் கொதிநிலைக்கான 760ஐயோ போட்டுவிடுவது. ஒவ்வொரு புள்ளிக்கும் வெப்பநிலை வேறு. ஆகவே ஒவ்வொரு புள்ளிக்கும் இந்த இரண்டு எண்களும் வேறு.

இன்னொன்று, மோல் பின்னத்தில் 0.01 பிழை இருந்தால், 0.50 என்ற இடத்தில் காமாவில் அது இரண்டு விழுக்காடு, 0.10 என்ற இடத்திலோ பத்து விழுக்காடு. வரைகோட்டின் இரு முனைகளிலும் காமா தாறுமாறாகத் துள்ளுவதைக் கண்டு கலங்க வேண்டாம். அந்த இடங்களில் ஒவ்வொரு புள்ளியையும் மூன்று முறை எடுத்துச் சராசரி போடுங்கள். அல்லது முனைப்புள்ளிகளுக்கு நம்பகம் குறைவு என்று வெளிப்படையாக எழுதுங்கள். ஒட்டாத புள்ளியைச் சொல்லாமல் அழிப்பது மட்டும் கூடாது.

9. உங்கள் எண்களை நீங்களே சோதியுங்கள்

கொதிநிலை மாறாக் கலவை இதற்கு நல்ல உரைகல். அந்த இயைபில் திரவமும் ஆவியும் ஒன்றே. ஆதலால் மோல் பின்னம் கணக்கிலிருந்து விழுந்துவிடும். மொத்த அழுத்தத்தைத் தூய கூறின் ஆவி அழுத்தத்தால் வகுத்தாலே காமா கிடைத்துவிடும். 64.5 டிகிரியில் தூய அசிட்டோனுக்கு 1004, குளோரோஃபார்முக்கு 845 மில்லிமீட்டர், காமாக்கள் 0.76, 0.90. அசிட்டோனின் மோல் பின்னம் இங்கே 0.34க்கு அருகில் இருக்க வேண்டும். எடையில் சொன்னால் ஐந்தில் ஒரு பங்கு அசிட்டோன். கொதிநிலையை மோல் பின்னத்துக்கு எதிராக வரைந்த உங்கள் கோட்டின் உச்சி இதிலிருந்து வெகுதொலைவு தள்ளியிருந்தால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். என்னுடையது முதலில் அப்படித்தான் தள்ளியிருந்தது, காரணம் எத்தனால்.

காமா இயைபோடு எப்படி மாறுகிறது என்று சொல்லும், இரண்டு மாறிலி கொண்ட மார்குலீஸ் சமன்பாட்டை இந்த ஒரே புள்ளியிலிருந்து தீர்த்தால், மாறிலிகள் ஏறத்தாழ −0.83, −0.55 என வரும். முதலாவது அசிட்டோன் மிகச் சிறிதளவே இருக்கும்போது அதன் காமாவின் இயல் மடக்கை. இரண்டாவது, குளோரோஃபார்ம் மிகச் சிறிதளவே இருக்கும்போது அதன் காமாவின் இயல் மடக்கை. இவற்றைக் கொண்டு சம மோல் கலவையின் காமாக்களைக் கணக்கிட்டால் 0.87, 0.81 கிடைக்கும். எட்டாம் படியில் நேரடியாகப் பெற்றவற்றோடு இவை எவ்வளவு நெருங்குகின்றன என்று பாருங்கள். அந்த ஒப்பீடு முதன்முதலில் எனக்குப் பொருந்தி வந்த மாலையில்தான், அளந்தது கரைசலைத்தான் என்று என்னால் நம்ப முடிந்தது.

இரு கூறுகளின் காமாக்களும் ஒன்றையொன்று சார்ந்தே மாறும் என்று சொல்லும் கிப்ஸ்–டூகெம் சமன்பாட்டின்படியான பரப்புச் சோதனையையும் செய்யச் சொல்வார்கள். இரு காமாக்களின் விகிதத்தின் இயல் மடக்கையை மோல் பின்னத்துக்கு எதிராக வரைந்தால், அச்சுக்கு மேலும் கீழும் உள்ள பரப்புகள் சமமாக வேண்டும். ஆனால் அது மாறா வெப்பநிலையில் எடுத்த அளவுகளுக்கே கண்டிப்பாகப் பொருந்தும். நீங்கள் எடுத்தவை மாறா அழுத்த அளவுகள். கலத்தல் வெப்பம் கணிசமாக உள்ள இந்த இணையில் பரப்புகள் சிறிது வேறுபடலாம்; அந்த வேறுபாட்டை மட்டும் வைத்து அளவுகளைத் தவறென்று ஒதுக்க வேண்டாம். இந்தக் காரணத்தை ஆய்வேட்டில் ஒரு பத்தியாக எழுதிவையுங்கள்.

10. கழிவும் கையொப்பமும்

மிஞ்சிய கலவையைத் தொட்டியில் ஊற்றாதீர்கள். குளோரின் கொண்ட கரைப்பான் கழிவுக்கு என்று தனிக் குப்பி வைத்து, அதன்மேல் பொருள்களின் பெயர், தோராய அளவு, நாள், ‘காரம் சேர்க்கக் கூடாது’ என்ற எச்சரிக்கை ஆகியவற்றைத் தமிழில் எழுதி ஒட்டுங்கள். ஆய்வுக்கூட உதவியாளர்கள் படிக்க வேண்டிய எச்சரிக்கை அது. கல்லூரியின் அபாயகரக் கழிவுப் பதிவேட்டில் பதிவுசெய்து, பொறுப்பாளரிடம் ஒப்படைத்துக் கையொப்பம் வாங்குங்கள். எங்கள் கல்லூரியில் பொறுப்பாளர் வாரத்துக்கு ஒரு நாள் மட்டுமே கழிவைப் பெற்றுக்கொண்டார். ஆய்வேட்டைக் கட்டுக்குக் கொடுப்பதற்கு இரண்டு வாரம் முன்பே குப்பியை மூடிவிட்டால், கடைசி நாளில் துறையின் பாக்கியின்மைச் சான்றுக்காக அலைய வேண்டியிருக்காது.